மைக்கேல் பாரடே

உயர்ந்த மலைகளில் தேக்கி வைக்கப்பெற்ற நீர், பெருங்குழாய்களின் வழியே பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றுகின்றது. நிலக்கரியின் வெம்மையால் எழும் நீராவியும் அத்தொழிலையே செய்கின்றது. வெட்டவெளியில் வீசும் காற்று, காற்றாலையின் இறக்கைகளைத் திருப்பி அத்தொழிலையே செய்கின்றது. சுழற்றும் பொருள்கள் வேறு வேறாயினும், சுழலும் அச்சோடு பிணைக்கப்பட்ட பொறி ஒன்றே. அப்பொறியினுள்ளே காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் ஒன்றையொன்று ஓயாது கடந்து செல்கின்றன. அவ்வாறு செல்லுந்தோறும் கம்பியில் மின்சாரம் பிறக்கின்றது. கதிரவன் ஒளியை நேரே மின்சாரமாக மாற்றும் தகடுகளையும் மின்கலங்களையும் நீக்கிப் பார்த்தால், உலகம் பயன்படுத்தும் மின்சாரம் பெரும்பாலும் இம்முறையாலேயே பெறப்படுகின்றது. இம்முறைக்கு வித்திட்டவர் ஒரு கொல்லரின் மைந்தர்; பள்ளிக் கல்வியை நிரம்பப் பெறாதவர்; புத்தகங் கட்டும் தொழிலில் இளமையைக் கழித்தவர். அவரே மைக்கேல் பாரடே.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்திருந்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், வடக்கேயுள்ள வெஸ்ட்மார்லாந்துப் பகுதியிலிருந்து பிழைப்பு நாடி வந்த கொல்லர். அவர் உடல்நலம் குன்றியவர். ஆதலின் உலைக்களத்தில் நாள்தோறும் நின்று உழைக்க அவரால் இயலவில்லை. 1801ஆம் ஆண்டில் தானிய விலை மிகவும் ஏறிற்று. அக்காலத்தில் அன்னையார் மைக்கேலுக்கு ஒரு ரொட்டியைக் கொடுப்பார். ஒரு வாரம் முழுவதற்கும் அஃதே உணவு. எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளி வாழ்வு முடிந்தது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டிலும் தெருவிலும் கழிந்தது.

பதின்மூன்றாம் வயதில், அதாவது 1804இல், ரீபோ என்பவரது புத்தகக் கடையில் அவர் ஏவல் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை மிகுதி. ஒரே தாளைப் பல வீட்டார் முறைவைத்துப் படிப்பர். ஒரு வீட்டில் தாளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் படித்து முடித்ததும் திரும்பப் பெற்று, அடுத்த வீட்டிற்குக் கொண்டு செல்வதே சிறுவர் மைக்கேலின் தொழில். ஓராண்டு கழிந்தது. அவருடைய நேர்மையைக் கண்ட ரீபோ, வழக்கமாகப் பெறும் பணத்தைப் பெறாமலே அவரைப் புத்தகங் கட்டும் தொழிலுக்கு ஏழாண்டுப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

கட்டுவதற்காக வந்த நூல்களை மைக்கேல் கட்டியதோடு நிற்கவில்லை. அவற்றைப் படிக்கவும் தலைப்பட்டார். கலைக்களஞ்சியத்தின் பகுதி ஒன்று கட்டுவதற்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை இருந்தது. மார்செட் அம்மையார் வேதியியலைப் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூலும் அவர் கைக்கு எட்டியது. படித்தவற்றை உண்மையோ அன்றோ என்று தாமே செய்து பார்த்தாலன்றி அவர் மனம் அமைதி கொள்ளாது. சில்லறைக் காசுகளைச் சேர்த்து வைத்து, கண்ணாடிப் புட்டியும் பிறவும் வாங்கி, உராய்வினால் மின்சாரம் உண்டாக்கும் சிறு பொறி ஒன்றை அமைத்தார். கடை முதலாளி இதனைத் தடுக்கவில்லை. பாரடேயின் வரலாற்றில் ரீபோவுக்குரிய இடம் சிறியதன்று. வேறொரு முதலாளியாயின், வேலை நேரத்தில் நூலைப் புரட்டிய பையனை அன்றே வெளியேற்றியிருப்பார்.

நகரில் டேட்டம் என்பவர் இரவு நேரத்தில் அறிவியற் சொற்பொழிவுகள் ஆற்றிவந்தார். ஒரு சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனைக் கொடுத்துதவியவர் தமையனார் இராபர்ட்; அவரும் தந்தையைப் போலக் கொல்லரே. 1812ஆம் ஆண்டில் கடைக்கு வந்த டான்ஸ் என்னும் இசைவல்லுநர் ஒருவர், இளைஞரின் ஆர்வத்தைக் கண்டு, இராயல் நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகளுள் இறுதி நான்கனுக்கும் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்தார். அந்நாளில் டேவியின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தது. மாடத்தில் ஓர் ஓரமாக அமர்ந்து பாரடே ஒவ்வொரு சொல்லையும் குறித்துக்கொண்டார். வீட்டிற்கு வந்து குறிப்பை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, ஏறத்தாழ 300 பக்கமுள்ள நூலாக்கித் தம் கையாலேயே கட்டினார். கற்ற தொழில் அங்கேயும் கைகொடுத்தது.

அறிவியற் பணியில் எத்துணைத் தாழ்ந்த இடமேனும் கிடைக்குமா என்று கேட்டு அவர் முன்பே இராயல் கழகத் தலைவருக்கு மடல் எழுதியிருந்தார். அதற்கு விடை வரவில்லை. 1812ஆம் ஆண்டின் இறுதியில், தாம் கட்டிய நூலோடு டேவிக்கு ஒரு மடல் விடுத்தார். டேவி அவரை அழைத்துப் பேசினார். அறிவியல் உழைப்பை மிகுதியாக வாங்கிக்கொண்டு பொருளைக் குறைவாகத் தருவது, ஆதலின் கைத்தொழிலை விடாதிருத்தலே நன்று என்று அறிவுரை கூறியனுப்பினார். சில வாரங்கள் சென்றன. ஒருநாள் இரவு பாரடே உறங்கச் செல்லும் வேளையில் வீட்டின் முன் ஒரு வண்டி வந்து நின்றது. டேவியின் ஏவலாள் ஒரு சீட்டைக் கொண்டுவந்திருந்தார். ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலை நீங்கினார். அவ்விடம் பாரடேக்குக் கிடைத்தது. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியத்தில், நிலையத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் எரிக்க நிலக்கரியும் மெழுகுவத்தியும் பெற்று அவர் பணியேற்றார். அந்தக் கட்டடமே அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் அவருக்கு வீடாயிற்று.

அவ்வாண்டின் அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். இங்கிலாந்தும் பிரான்சும் போர் புரிந்துகொண்டிருந்த காலம் அது. எனினும் நெப்போலியன் டேவிக்கு வழிச்சீட்டு அளித்திருந்தார். உடன்சென்ற பாரடே ஆய்வுக்கு உதவியதோடு, பணியாள் வேலையையும் பார்க்க நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை ஏவலாளாகவே நடத்தினார்; அதனை எண்ணி வருந்திப் பாதி வழியில் ஊர் திரும்பிவிடலாமா என்றுகூட அவர் நினைத்ததுண்டு. ஆயினும் பாரிசில் ஆம்பியரையும், மிலான் நகரில் மின்கலத்தைக் கண்ட முதியவர் வோல்டாவையும் காணும் பேறு வேறெவ்வாறு கிடைக்கும்? ஒன்றரை ஆண்டு கழித்து, 1815ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் இலண்டன் திரும்பினார்.

1820ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட் ஒரு புதுமையைக் கண்டார். மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி அசைந்து திரும்பிற்று. மின்சாரமும் காந்தமும் தொடர்பற்றவை என்றிருந்த எண்ணம் அன்றோடு ஒழிந்தது. அறிஞர் பலரும் இதனை ஆராயத் தொடங்கினர். வொல்லஸ்டன் என்னும் பெரியார், மின்சாரம் ஓடும் கம்பி தன்னைத்தானே சுற்றும் என்று கருதி, டேவியின் ஆய்வுக்கூடத்தில் முயன்று பார்த்தார், முயற்சி கைகூடவில்லை. 1821ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரடே வேறொரு வழியைக் கண்டார். கிண்ணத்தில் பாதரசத்தை நிரப்பி, நடுவே காந்தத்தை நிறுத்தி, மேலிருந்து தொங்கவிட்ட கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது! மின்சாரம் இயக்கமாக மாறியது. இன்று மின்விசிறியையும் நீரிறைக்கும் பொறியையும் மின்தொடர் வண்டியையும் ஓட்டும் மோட்டாரின் முதல் வடிவம் அந்தக் கிண்ணமே.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கண்டதை அவர் விரைந்து வெளியிட்டார். வொல்லஸ்டனின் முயற்சியைக் கட்டுரையில் குறிப்பிடவில்லை. பிறருடைய எண்ணத்தைத் தமதாக்கிக்கொண்டார் என்ற பழி எழுந்தது. நேர்மையையே உயிராகக் கொண்ட குடும்பத்தில் வளர்ந்தவருக்கு இதனினும் கொடிய தண்டனை வேறில்லை. அவர் வொல்லஸ்டனிடமே சென்று தம் நிலையை விளக்கினார். வொல்லஸ்டன் பெருந்தன்மையோடு நடந்துகொண்டார். ஆனால், கைதூக்கி விட்ட டேவியின் மனம் திரிந்துவிட்டது. 1823இல் பாரடேயை இராயல் கழக உறுப்பினராக்க வேண்டுமென்று அறிஞர்கள் விண்ணப்பம் செய்தபோது, வொல்லஸ்டன் அதில் கையெழுத்திட்டார்; கழகத் தலைவராயிருந்த டேவியோ அதனைத் திரும்பப் பெறுமாறு பாரடேயை வற்புறுத்தினார். அது தம் செயலன்று என்று கூறிப் பாரடே அமைதியாக இருந்துவிட்டார். 1824ஆம் ஆண்டு சனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு கருப்பு உருண்டை. பிற்காலத்தில் டேவியைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம் பாரடே நன்றியோடு பேசினாரேயன்றிக் குறைகூறவில்லை.

இதனிடையே 1821ஆம் ஆண்டு சூன் திங்களில் சாரா பார்னார்டு என்னும் நங்கையை அவர் மணந்தார். இருவரும் சாண்டிமேனியர் என்னும் சிறு கிறித்தவச் சபையைச் சேர்ந்தோர். எளிய வாழ்வும் பொருட்பற்றின்மையும் அச்சபையாரின் ஒழுக்கம். மக்கட்பேறில்லாத அவ்விணையர் நிலையத்து மேல்மாடியிலேயே இல்லறம் நடத்தினர்.

மின்சாரத்தால் காந்தம் உண்டாகுமாயின், காந்தத்தால் மின்சாரம் உண்டாகாதா? இவ்வினா பாரடேயின் உள்ளத்தைப் பத்தாண்டுகள் அரித்தது. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே மற்றொரு கம்பியை வைத்துப் பார்த்தார், ஒன்றும் நிகழவில்லை. கம்பிச் சுருளினுள் காந்தத்தை அசையாது வைத்துப் பார்த்தார், ஒன்றும் நிகழவில்லை. 1825இலும் 1828இலும் முயன்று தோற்றார். ஏனைய நாட்களை வேறு பணிகள் விழுங்கின. தொலைநோக்கிக்குரிய உயர்ந்த கண்ணாடி செய்யும் பணி மட்டும் பல ஆண்டுகளைத் தின்றது. 1831ஆம் ஆண்டின் நடுவில் அப்பணியிலிருந்து விடுதலை பெற்றதும் அவர் பழைய வினாவிடம் திரும்பினார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள். ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்று மேசைமேல் இருந்தது. வளையத்தின் ஒரு பாதியில் செப்புக் கம்பியைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். மறுபாதியில் மற்றொரு கம்பியைச் சுற்றியிருந்தார். அக்காலத்தில் உறையிட்ட கம்பி கடையில் கிடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே நூற்கயிற்றை ஓட்டி, ஒவ்வோர் அடுக்கிற்கும் மேலே துணியைச் சுற்றி, கம்பியோடு கம்பி தொடாதவாறு செய்திருந்தார். இரண்டாம் சுருளின் முனைகளை நீண்ட கம்பியால் இணைத்து, அக்கம்பியின்கீழ்க் காந்த ஊசியை வைத்தார். முதற்சுருளை மின்கல அடுக்கோடு இணைத்தார். அக்கணமே ஊசி துடித்தது. பின் தன் பழைய நிலைக்கு வந்து நின்றுவிட்டது. மின்கலத் தொடர்பை நீக்கினார். ஊசி மீண்டும் துடித்தது, இம்முறை எதிர்த்திசையில்.

ஊசி ஏன் நிலையாகச் சாய்ந்து நிற்கவில்லை? மற்றோராயின் இதனைக் குறையென்று கருதியிருக்கக்கூடும். பாரடே அதுவே விடை என்பதை உணர்ந்தார். பத்தாண்டு முயற்சியும் வீணானதன் காரணம் அங்கேயே இருந்தது. காந்தம் இருப்பதனால் மின்சாரம் பிறப்பதில்லை. காந்தத்தின் நிலை மாறுவதனாலேயே பிறக்கின்றது. மின்னோட்டம் தொடங்கும்போது வளையத்தில் காந்தத்தன்மை எழுகின்றது, நிற்கும்போது வீழ்கின்றது, எழுச்சியும் வீழ்ச்சியுமே மறுசுருளில் மின்சாரத்தைத் தூண்டுகின்றன. இதுவே மின்காந்தத் தூண்டல் எனப்படும்.

அக்டோபர் 17ஆம் நாள் அவர் வளையத்தையும் மின்கலத்தையும் விடுத்தார். காகிதக் குழாயின்மேல் சுற்றிய கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தச் சட்டத்தை விரைந்து நுழைத்தார், ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார், எதிர்ப்புறம் அசைந்தது. 28ஆம் நாள், இராயல் கழகத்துக்குரிய பெருங்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே பன்னிரண்டு அங்குலச் செப்புத் தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். தட்டின் அச்சிலும் விளிம்பிலும் தொட்டுக்கொண்டிருந்த கம்பிகளின் வழியே மின்சாரம் இடையறாது ஓடியது. கையின் உழைப்பு மின்சாரமாயிற்று. உலகின் முதல் மின்னாக்கி அத்தட்டேயாகும். வளையத்தை முதன்முறை சோதித்த நாளிலிருந்து அன்றுவரை சென்றவை அறுபது நாட்களே. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்பவரும் இவ்வுண்மையைத் தனியே கண்டிருந்தார். ஆயினும் பாரடேயின் கட்டுரை நவம்பரிலேயே இராயல் கழகத்தில் படிக்கப்பட்டுவிட்டமையால் முதற்பெருமை அவருக்காயிற்று.

ஓடும் ஆறும் ஒரு கடத்தியே, நிலவுலகமும் ஒரு காந்தமே. ஆதலின் தேம்ஸ் ஆற்றின் ஓட்டத்திலேயே மின்சாரம் பிறக்கவேண்டுமன்றோ என்று அவர் எண்ணினார். 1832ஆம் ஆண்டுச் சனவரியில் வாட்டர்லூப் பாலத்தின் நெடுகிலும் 960 அடிச் செப்புக் கம்பியைக் கட்டி, முனைகளில் தகடுகளைத் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தி, மூன்று நாள் காத்திருந்து பார்த்தார். தெளிவான பயன் ஒன்றும் கிட்டவில்லை. அம்முயற்சியையும் மறைக்காது எழுதிவைத்தார்.

அடுத்து, மின்சாரம் நீர்மங்களின் வழியே செல்லும்போது அவற்றைப் பகுக்கும் முறையை ஆராய்ந்தார். செலுத்திய மின்சாரத்தின் அளவிற்கேற்பவே பகுக்கப்படும் பொருளின் அளவும் அமையும் என்பதை நிறுவினார். புதிய உண்மைகளைச் சொல்லப் பழைய சொற்கள் போதவில்லை. ஆதலின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் பேரறிஞர் ஹியூவெலுக்கு எழுதிக் கலந்து, கிரேக்க மொழியினின்றும் புதிய சொற்களை வகுத்துக்கொண்டார். எலக்ட்ரோடு, எலக்ட்ரோலைட்டு, ஆனோடு, கதோடு, அயான் என்பவை 1834ஆம் ஆண்டளவில் அவ்வாறு உலகிற்கு வந்த சொற்கள். தமிழ் மாணவர் இவற்றையே மின்முனை, மின்பகுளி, நேர்மின்முனை, எதிர்மின்முனை, அயனி என வழங்குகின்றனர். இக்காலத்தில் மின்சார ஊர்திகளில் பொருத்தப்படும் மின்கலத்தைப் பற்றி ஒரு வாக்கியம் எழுத வேண்டுமாயினும், புத்தகங் கட்டியவர் தேடிப்பெற்ற சொற்களின்றி எழுதவியலாது.

இத்தகையவர் பெருஞ்செல்வர் ஆகியிருக்கலாம். தொழிற்சாலைகளுக்கும் வழக்குமன்றங்களுக்கும் பொருள்களைச் சோதித்துக் கொடுத்ததில் 1830ஆம் ஆண்டில் மட்டும் அவருக்கு 1000 பவுனுக்கு மேல் வருவாய் வந்தது. நிலையம் அவருக்கு அளித்த ஊதியமோ ஆண்டுக்கு 100 பவுனே. தூண்டல் உண்மையைக் கண்டபின் அவர் பொருளா, ஆய்வா என்று எண்ணிப் பார்த்தார். இரண்டிற்கும் நேரம் போதாது. 1832இல் புறவருவாய் 155 பவுனாகக் குறைந்தது. 1838இல் முற்றும் நின்றது. தாம் கண்ட மின்னாக்கியைத் திருத்திப் பெரிதாக்கி விற்கும் வேலையையும் அவர் பிறருக்கு விட்டுவிட்டார். 1832ஆம் ஆண்டிலேயே பாரிசில் பிக்சி என்னும் கைவினைஞர் கையால் சுழற்றும் மின்பொறி ஒன்றை அமைத்தார்.

அவரது எளிமையை இழிவென்று கருதிவிடலாகாது. 1835ஆம் ஆண்டில் அரசாங்கம் அவருக்கு ஓய்வூதியம் வழங்கக் கருதியது. அதன் பொருட்டுக் காணச் சென்றபோது, முதலமைச்சராயிருந்த மெல்போர்ன் பிரபு, அறிஞர்களுக்குப் பணம் கொடுக்கும் வழக்கத்தையே எள்ளிப் பேசினார். பாரடே வீடு திரும்பி, அவ்வூதியம் தமக்கு வேண்டா என்று அன்றே எழுதிவிட்டார். பின்னர் முதலமைச்சர் தாம் கூறியதற்கு வருந்தி எழுத்து மூலம் தெரிவித்த பிறகே, ஆண்டுக்கு 300 பவுன் என்னும் அவ்வூதியத்தை ஏற்றுக்கொண்டார். கொல்லரின் மகன் முன் நாட்டின் முதலமைச்சர் பிழைபொறுக்க வேண்டியதாயிற்று.

இடையறா உழைப்பு உடலைத் தாக்கிற்று. 1839 முதல் ஐந்தாண்டுகள் அளவில் தலைச்சுற்றலாலும் மறதியாலும் அவர் பெரிதும் வருந்தினார். ஆய்வுகள் ஏறக்குறைய நின்றுபோயின. அந்நோய் தேறிவந்த வேளையில், 1844ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், ஹாஸ்வெல் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றி வெடித்து 95 பேர் மாண்டனர். அவருள் சிறுவர்களும் இருந்தனர். காரணம் அறியுமாறு அரசாங்கம் பாரடேயையும் நிலவியல் அறிஞர் லயலையும் அனுப்பியது. சுரங்கத்தினுள் பேசிக்கொண்டிருக்கையில், வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள் என்று பாரடே கேட்டார். அவர் அமர்ந்திருந்த மூட்டையே வெடிமருந்து மூட்டை! பக்கத்தில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் கசியும் வளி மட்டுமன்றி, காற்றில் பறக்கும் நுண்ணிய கரித்தூளும் தீயை வளர்க்கின்றது என்று அவ்விருவரும் அறிக்கை தந்தனர். வளியைக் குழாய்களால் வெளியேற்றும் வழியையும் கூறினர். செலவு மிகுதி என்று சுரங்க உடைமையாளர்கள் அதனை ஏற்கவில்லை. கரித்தூளின் கொடுமையை உலகம் ஒப்புக்கொள்ள இன்னும் பல வெடிப்புகள் நிகழவேண்டியிருந்தன.

1845ஆம் ஆண்டில், முன்பு பயனற்றதென்று ஒதுக்கி வைத்திருந்த கனமான கண்ணாடித் துண்டு ஒன்று கைகொடுத்தது. அதன் வழியே ஒளியைச் செலுத்தி, வலிய காந்தத்தை அருகே வைத்தபோது, ஒளியதிர்வின் தளம் திரும்பிற்று. ஒளிக்கும் காந்தத்திற்கும் உறவுண்டு என்பதை மெய்ப்பித்த முதல் ஆய்வு இதுவே. இயற்கையின் ஆற்றல்கள் யாவும் ஒன்றோடொன்று தொடர்புடையன, ஒன்று மற்றொன்றாக மாறவல்லன என்பது அவரது உறுதியான கொள்கை. ஈர்ப்புவிசையையும் மின்சாரமாக்கலாமோ என்று 1849இல் பொருள்களை உயரத்திலிருந்து விழச்செய்து பார்த்தார், பயனில்லை. கொள்கை தளரவில்லையெனினும், சான்று கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே வெளியிட்டார்.

காந்தத்தைச் சூழ்ந்துள்ள வெளி வெறுமையானதன்று. அங்கு விசைக்கோடுகள் பரவியுள்ளன என்று அவர் கூறினார். காகிதத்தின்மேல் தூவிய இரும்புத்தூள் வளைந்து வளைந்து அணிவகுப்பதைக் காட்டினார். கணிதம் வல்ல அறிஞர்கள் இதனைப் பொருட்படுத்தவில்லை. பாரடேக்குக் கணிதம் தெரியாது. ஆனால் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர், அக்கோடுகளைக் கணிதமாக்கிய தம் கட்டுரையை முதியவருக்கு அனுப்பிவைத்தார். அத்துணைக் கணிதத்தைத் தம் கருத்தின்மேல் ஏற்றியிருப்பதைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், அது அதனைத் தாங்கி நின்றதைக் கண்டு பின்னர் வியந்ததாகவும் பாரடே மறுமொழி எழுதினார். கணித அறிஞர்கள் தம் முடிவுகளை எல்லாரும் அறியும் மொழியிலும் எழுதலாகாதா என்றும் மற்றொரு மடலில் கேட்டார்.

அந்நாளில் இலண்டன் நகரின் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றிலேயே கலந்தது. 1855ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒருநாள் பாரடே நீராவிப் படகில் ஆற்றைக் கடந்து செல்கையில், அதன் நாற்றம் பொறுக்கவொண்ணாததாய் இருந்தது. பிறராயின் மூக்கை மூடிக்கொண்டு வீடு சேர்ந்திருப்பர். அவரோ வெள்ளை அட்டைகளைக் கிழித்து, நனைத்து, படகுத்துறைதோறும் நீரில் இட்டுப் பார்த்தார். நல்ல வெயில் எறித்தது. அவ்வாறிருந்தும் ஓர் அங்குல ஆழம் இறங்குமுன்னரே அட்டை கண்ணுக்கு மறைந்தது. இதனை அவர் டைம்ஸ் செய்தித்தாளுக்கு எழுதினார். ஆற்றைச் சாக்கடையாக்கிவிட்டு நலமாக வாழ முடியாது என்று எச்சரித்தார். மூன்றாண்டு கழித்து, 1858ஆம் ஆண்டுக் கோடையில், நாற்றம் பாராளுமன்றத்தினுள்ளேயே புகுந்து உறுப்பினர்களை விரட்டியது. அதன்பின்னரே பசால்கெட் என்னும் பொறியாளரின் திட்டப்படி பெருஞ்சாக்கடைகள் கட்டும் வேலை தொடங்கியது.

கலங்கரை விளக்கங்களைப் பேணும் அமைப்பிற்கு அவர் 1836 முதல் ஆலோசகராக இருந்தார். எண்ணெய் விளக்கை எரித்துவந்த அக்கோபுரங்களில், தம் தூண்டல் உண்மையால் ஆக்கப்பெற்ற மின்விளக்கு ஒளிர்வதைக் காணும் வாய்ப்பு அவருக்கு முதுமையில் கிட்டியது. ஹோம்ஸ் என்பவர் நீராவியால் சுழலும் காந்த மின்பொறியை அமைத்தார். 1858ஆம் ஆண்டு டிசம்பரில் டோவருக்கு அண்மையிலுள்ள சவுத் போர்லாந்து கோபுரத்தில் அதன் ஒளி கடலின்மேல் வீசிற்று. 1860ஆம் ஆண்டுப் பிப்ரவரியில் அதனைச் சோதிக்கச் சென்ற பாரடேயைப் பனிப்புயல் வழிமறித்துத் திருப்பியனுப்பியது. அதே வாரத்தில் அவர் மீண்டும் புறப்பட்டார். பாதை பனியில் புதைந்து கிடந்தது. அறுபத்தெட்டு வயது முதியவர் வண்டியை விட்டிறங்கி, வேலிகளையும் சுவர்களையும் ஏறிக் கடந்து, வயல்களின் ஊடே நடந்து கோபுரத்தை அடைந்து, சோதிக்க வேண்டியவற்றைச் சோதித்தார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் பெரியோர்க்கும், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கும் இராயல் நிலையத்தில் அறிவியலை எளிமையாக விளக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் பாரடே. ஒரு மெழுகுவத்தி எரிவதைக் கொண்டே இயற்கையின் பெருநியதிகளை விளக்கிய அவரது சொற்பொழிவுகள் நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. 1862ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் நிகழ்ந்தது அவரது இறுதி வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவு. பொருள், சீமென்ஸ் என்பவர் கண்ட புதுவகை உலை. புகைபோக்கியின் வழியே வீணாகப் போகும் வெப்பத்தைப் பிடித்து, உள்ளே வரும் காற்றையும் வளியையும் அதனாலேயே சூடேற்றி, எரிபொருளைப் பெரிதும் மிச்சப்படுத்துவது அவ்வுலை. பேசிக்கொண்டிருக்கையில் அவருடைய குறிப்புத் தாள்கள் தவறித் தீயில் கருகிவிட்டன. நினைவு தடுமாறிற்று. இனித் தாம் இம்மேடையில் நிற்பது முறையன்று என்று அவையோரிடம் அவரே விடைபெற்றார்.

இராயல் கழகத்தின் தலைமைப் பதவி இருமுறை அவரை நாடி வந்தது, இருமுறையும் மறுத்தார். அரசியார் விக்டோரியா அளித்த ஹாம்ப்டன் கோர்ட்டு இல்லத்தை மட்டும், அதுவும் தயங்கியே, ஏற்றார். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அங்கே நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். அவர் உடல் ஹைகேட் இடுகாட்டில் பெயரும் நாட்களும் மட்டும் பொறித்த எளிய கல்லின்கீழ் உள்ளது. அவர் எண்ணிட்டு எழுதிவந்த ஆய்வுக் குறிப்பேட்டின் கடைசிப் பத்தியின் எண் 16,041.

அவர் மறைந்து பதினைந்தாண்டுகளுக்குள், 1882இல், இலண்டனிலும் நியூயார்க்கிலும் மின்நிலையங்கள் எழுந்தன. ஆயின் அம்மின்சாரம் நெடுந்தொலைவு செல்லவில்லை. கம்பியில் ஓடும் மின்னோட்டம் மிகுந்தால், அதன் இருமடிக்கேற்பக் கம்பி சூடேறி ஆற்றல் வீணாகும். அழுத்தத்தை உயர்த்தினால் குறைந்த மின்னோட்டத்திலேயே அதே திறனை அனுப்பலாம். சேருமிடத்தில் அழுத்தத்தைத் தாழ்த்திக்கொள்ளலாம். அதற்குரிய கருவியாகிய மின்மாற்றியை 1885ஆம் ஆண்டில் புடாபெஸ்டு நகரத்துப் பொறியாளர் மூவர் செம்மைப்படுத்தினர். இரும்பு வளையம் ஒன்று. அதன்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள். 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் பாரடேயின் மேசைமேல் இருந்த வளையமும் அதுவே. துணியும் நூற்கயிறும் சுற்றிய அவ்வளையம் இலண்டன் இராயல் நிலையத்தில் இன்றும் வைக்கப்பட்டுள்ளது.